பதினேழு தலை

விடிகாலை ஐந்துக்கு என் வேலை எண்ணுவது.
வகுப்பறையில் வரிசையாகப் பாய்,
பாயில் போர்வை, போர்வைக்குள் தாய்லாந்து.
மார்கழிப் பனி ஓட்டு இடுக்கில் இறங்குகிறது.
ஒன்று, இரண்டு… பதினாறு.
பதினேழாவது எப்போதும் வெளியே நின்று
டேங்கர் வரும் திசையைப் பார்த்தபடி
பல் துலக்கிக்கொண்டிருக்கும்.

அவள் பெயர் ஃபோன்.
முதல் நாள் சொன்னதுமே
மூன்றாம் வகுப்பு மொத்தமும்
கட்டைவிரலைக் காதுக்கும்
சுண்டுவிரலை வாய்க்கும் கொண்டுபோய்
"ஹலோ" என்றது.
அன்றிலிருந்து அவள் தெருவில் நடந்தால்
வீட்டுக்கு வீடு மணி அடிக்கும்.
அவளும் சளைக்காமல் எடுப்பாள்.
"ஹலோ" என்பாள். அதற்குமேல்
இரண்டு பக்கமும் சிக்னல் இல்லை.

அஞ்செட்டி தாண்டி இந்த மலையூரில்
தமிழில் தொடங்கி, கன்னடத்தில் திட்டி,
தெலுங்கில் சமாதானம் ஆகிறவர்கள் நாங்கள்.
நான்காவதாக ஒன்று வந்ததில்
யாருக்கும் பெரிய வியப்பில்லை.
என் ஓசூர் இங்கிலீஷை வாங்கி
அவர்கள் வாத்தியார் தாய் மொழியில் போடுவார்
(அவர்களுக்கு அது இரண்டு அர்த்தத்திலும் சரி).
பதில் திரும்புவதற்குள் டீ ஆறிவிடும்.
திம்மக்காவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.
புளியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு
"மக்காம்" என்றாள் ஃபோன், அவர்கள் ஊர்ப் பேராம் அது.
"ஒண்ணும் மக்கல, இந்த வருசத்துப் புளி"
என்று கரண்டியை ஓங்கினாள் திம்மக்கா.

நோட்டில் இருக்கும் கணக்கு இது:
சுண்ணாம்பு நான்கு மூட்டை, நீலப்பொடி இரண்டு கிலோ.
உப்புக்கரைசல் பொட்டலம் இருபத்திரண்டு.
களியை மென்று தின்றுவிட்டார்கள்,
விழுங்கணும் என்று சொல்லாதது என் தப்பு.
காணாமல் போன செருப்பு ஒன்று, இடது கால்.
நாயிடம் விசாரணை நடக்கிறது.
யானை வரவில்லை.
வந்ததாக நோக் அலறியது
முனிரத்தினத்தின் எருமை.

எட்டாம் நாள் மாலை, சுவர் வேலை முடிந்து
கையெல்லாம் நீலமாக உட்கார்ந்திருந்தோம்.
என் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா என்றாள்.
வானத்தைக் காட்டி
பத்து விரலையும் மெதுவாகக் கீழே இறக்கினாள்.
மழை.
நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.
போன் என்றால் ஓடி வருகிறார்கள்,
மழை என்றால் வீட்டுக்கல்லவா ஓடுவார்கள்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது,
காலங்கெட்ட மழை.
அறுத்த ராகி ரோட்டில் பரப்பிக் கிடந்தது,
பஸ் ஏறி மிதிக்கட்டும் என்று.
முனிரத்தினம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
மூன்று மொழியிலும் மழையைத் திட்டினார்,
அதன் பிறப்பை, அதன் புத்தியை,
அது போய்ச் சேர வேண்டிய இடத்தை.
பதினேழு பேரும் போர்வையோடு ஓடிவந்து
தார்ப்பாயின் ஓரம் பிடித்தார்கள்.
எதிர் முனையில் நனைந்து நின்றவள்
அவர் யாரைத் திட்டுகிறார் என்று கத்திக் கேட்டாள்.
உன்னைத்தான், என்றேன்.
சிரித்த சிரிப்பில் தார்ப்பாயை விட்டுவிட்டாள்.
அந்த மூலையில் இரண்டு படி ராகி
ஓடையோடு போயிற்று.

காலையில் புதுச் சுவரின் நீலம்
கால்வரை வழிந்து வாசலில் குட்டையாக நின்றது.
எட்டு நாள் வேலை.
வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்து
டீயைக் குடித்தார்.
மூன்றாம் வகுப்பு அந்தக் குட்டையில் இறங்கி ஏறி
பஸ் நிற்கும் இடம்வரை கூட நடந்தது.
நான் படிக்கட்டில் நின்று எண்ணினேன்.
பதினேழு, சரி.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிற காலடிகள்
ரோட்டில் நல்ல நீலம்.
திரும்பி வந்தவை மங்கல்.
செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.
நோட்டில் அந்த வரியை மட்டும்
அடிக்காமல் வைத்திருக்கிறேன்.